தறிக் கணக்கும் தாய்ப்பத்திரமும்

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்து ஊர் மூச்சு விட்ட மறுநாள் காலை, தங்கை மகன் வீட்டுக்கு வந்தான். தோளில் லேப்டாப் பை, கக்கத்தில் ஒரு ஃபைல். பின்னாலேயே தங்கையும் வந்தாள். இருவரும் சேர்ந்து வந்தால் ஏதோ பஞ்சாயத்து என்று பொருள்.

"மாமா, ஒரு அக்ரிமென்ட் பாக்கணும்."

"நான் நிலப் பத்திரம் பார்த்தவன்ப்பா. கம்ப்யூட்டர் பத்திரம் எனக்கு என்ன தெரியும்?"

"பத்திரம்னா எல்லாம் பத்திரம்தானே அண்ணா" என்றாள் தங்கை. முப்பத்து நான்கு வருடம் பதிவுத் துறையில் எழுத்தராக இருந்தவனுக்கு இதற்கு மேல் என்ன பதில் இருக்கிறது? கண்ணாடியை எடுத்துப் போட்டுக் கொண்டேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தங்கை வீட்டுக்காரர் இருந்தவரை நான்கு விசைத்தறி வைத்திருந்தார். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரு தறிச் சத்தம்தான். அந்தத் தொழிலில் நெய்வதைவிடக் கணக்கு கஷ்டம். எத்தனை பாவு கொடுத்தோம், ஊடை நூல் எத்தனை கிலோ போனது, எத்தனை மீட்டர் நெய்து வந்தது, கழிவு எவ்வளவு, நெய்பவர் வாங்கிய முன்பணத்தில் இந்த வாரக் கூலியில் எவ்வளவு பிடிப்பது. என் மைத்துனர் இதையெல்லாம் நீள நோட்டில் எழுதி, சனிக்கிழமை ராத்திரி தலையைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்திருப்பார். பையன் அதைப் பார்த்து வளர்ந்தவன். இன்ஜினீயரிங் படித்து, சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து, தினமும் ரயிலில் போய் வந்தபடியே, ராத்திரியில் உட்கார்ந்து இந்தத் தறிக் கணக்குக்கென்று ஒரு புரோகிராம் எழுதினான். பிறகு வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் அதிலேயே இறங்கினான். மொத்தம் மூன்று வருடம்.

"டாலி இருக்கும்போது இது எதற்கு?" என்று நானே கேட்டிருக்கிறேன். டாலி பிறந்த கதையும் இதே மாதிரிதான் என்று அவன்தான் சொன்னான். பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்கா என்பவர் ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர பாகங்களும் சப்ளை செய்து வந்தார். தன் கணக்குக்குப் பொருத்தமான சாஃப்ட்வேர் கிடைக்காமல், மகன் பாரத் கோயங்காவையே எழுதச் சொன்னார். 1986ல் பியூட்ரானிக்ஸ் என்ற பெயரில் தொடங்கியதுதான் பிறகு டாலி ஆனது. அப்பா வியாபாரம், பிள்ளை புரோகிராம். அங்கே யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கும்.

இவன் விஷயத்தில் அப்படி இல்லை. கல்லூரி நண்பன் ஒருவன் 10 லட்சம் ரூபாய் போட முன்வந்தான். பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்குவது என்று முடிவாகிவிட்டது. நண்பன் கேட்டது நியாயமான கேள்வி: "நான் போடுறது 10 லட்சம், அது கண்ணுக்குத் தெரியுது. உன் புரோகிராமுக்கு என்ன விலை?" இவன் "அது விலை மதிப்பில்லாதது" என்று சொல்லியிருக்கிறான். பத்திர ஆபீஸில் நான் அடிக்கடி கேட்ட வார்த்தை அது. பூர்வீக வீட்டை விற்க வருகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். வாங்குகிறவர் எவரும் அதைக் கேட்டுக் கூடுதலாக ஒரு ரூபாய் கொடுத்து நான் பார்த்ததில்லை.

தங்கையின் கேள்வி வேறு. கணவர் போன பிறகு, மகன் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்து எழுதிய காலத்தில் அவள் நகையை அடகு வைத்தாள். 2,40,000 ரூபாய். "அந்த அக்ரிமென்ட்ல என் நகை எங்கே இருக்குன்னு பாருங்க அண்ணா" என்றாள். எங்கும் இல்லை. இன்டர்நெட்டிலிருந்து இறக்கிய மாதிரிப் படிவம் அது. அமெரிக்கச் சட்டத்துக்கு எழுதியது. பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

"இதுல கையெழுத்துப் போட்டுட்டியா?"

"இன்னும் இல்ல மாமா."

முருகன் காப்பாற்றினான் என்று நினைத்துக் கொண்டேன்.

அடுத்த சில வாரங்கள் நான் புத்தகமும் கையுமாக இருந்தேன். ஆடிட்டர் ஒருவரையும் பார்த்தோம். படித்ததையும் கேட்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன். நம் வயதுக்காரர்கள் பலருடைய வீட்டில் இப்போது ஒரு பேரனோ மருமகனோ 'ஸ்டார்ட்அப்' என்று சொல்லிக் கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். யாருக்காவது உதவும்.

முதலில் எனக்கே ஒரு சந்தேகம். கையில் தொட முடியாத இது சொத்தா? சொத்துதான். நமக்குப் பக்கத்து மாநிலத்து வழக்கு ஒன்று உண்டு. விற்பனை வரி சம்பந்தமாக டாடா கன்சல்டன்சிக்கும் ஆந்திர அரசுக்கும் நடந்தது. கடையில் டிஸ்க்கில் வாங்கும் சாஃப்ட்வேர் ஒரு 'சரக்கு'தான் என்று 2004ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் பிரதி வேறு, உரிமை வேறு. புத்தகக் கடையில் புத்தகம் வாங்கினவன் அதை அச்சடித்து விற்க முடியாதல்லவா? 2021ல் இன்னொரு வருமான வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. மருமகனுக்கு மாதம் 600 ரூபாய் கட்டும் 22 தறிக்காரர்களிடம் இருப்பது உபயோகிக்கும் அனுமதி மட்டும். மூல உரிமை எழுதினவனிடம் இருக்கிறது.

1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டம் கம்ப்யூட்டர் புரோகிராமை இலக்கியப் படைப்பாகவே கணக்கில் கொள்கிறது. கதை எழுதினாலும் கோட் எழுதினாலும் ஒரே சட்டம். எழுதின கணத்திலேயே உரிமை பிறந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட நிலத்தை விற்றால் பதிந்தே ஆக வேண்டும் என்ற 1908ஆம் வருடத்துச் சட்டத்தில் காலம் கழித்த எனக்கு, லட்சக்கணக்கில் பெறுமானம் உள்ள சொத்துக்குப் பதிவு வேண்டாம் என்பது ஜீரணிக்கவே கொஞ்ச நாள் ஆயிற்று.

பதிவு இல்லாவிட்டாலும் தாய்ப்பத்திரம் வேண்டுமே என்றேன். மருமகன் சிரித்துக் கொண்டே லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். 'கிட்' என்று ஒன்று இருக்கிறது. எந்த வரியை, எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, யார் பெயரில் மாற்றினார்கள் என்று முதல் நாளிலிருந்து பதிவாகியிருக்கிறது. எங்கள் ஆபீஸின் வால்யூம்களைவிடச் சுத்தம். "அப்போ வில்லங்கம் போட்டுப் பாத்துடலாம்" என்றேன். பார்த்தோம். மூன்று வில்லங்கம் வந்தது.

முதல் வில்லங்கம், பழைய கம்பெனி. சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, வேலை ஒப்பந்தத்தின் கீழ், வேலையின் பகுதியாக ஒருவன் எழுதியதற்கு முதல் உரிமையாளர் முதலாளி. இவன் வேலை வங்கிகளுக்கான சாஃப்ட்வேர். தறிக் கணக்கு அதில் சேராது. ஆனால் அவன் சேரும்போது கையெழுத்துப் போட்ட கடிதத்தில், பணிக்காலத்தில் உருவாக்கும் எல்லாமே கம்பெனிக்கு என்று ஒரு வரி இருந்தது. அதோடு, சொந்த லேப்டாப் பழுதான மூன்று வாரம் ஆபீஸ் லேப்டாப்பில் எழுதியிருக்கிறான். "யாருக்குத் தெரியும் மாமா" என்றான். வில்லங்கம் என்பதே யாருக்கும் தெரியாது என்று நினைத்ததுதான். ஆப்பிள் கம்ப்யூட்டரை வடிவமைத்த ஸ்டீவ் வாஸ்னியாக் அப்போது எச்.பி. கம்பெனி ஊழியர். முதலில் அவர்களிடம்தான் கொண்டு போய்க் காட்டினார். அவர்கள் வேண்டாம் என்ற பிறகுதான் துணிந்து தன் வழியில் போனார். அதைச் சொல்லி இவனையும் கடிதம் எழுத வைத்தேன். இரண்டு மாதம் கழித்து, எங்களுக்கு இதில் பாத்தியதை இல்லை என்று நான்கு வரியில் பதில் வந்தது. அந்த நான்கு வரியை லாமினேட் செய்து வைக்கச் சொன்னேன்.

இரண்டாவது, வழிநடைப் பாத்தியதை மாதிரி. இலவசமாகக் கிடைக்கும் பிறருடைய கோட் துண்டுகளை எல்லோரும் சேர்த்துக் கொள்கிறார்களாம். பெரும்பாலானவற்றில் பெயரைக் குறிப்பிட்டால் போதும். சிலவற்றில் மட்டும், இதைச் சேர்த்துப் பிறருக்குக் கொடுத்தால் உன்னுடைய மூல கோடையும் இதே நிபந்தனையில் திறந்து கொடுக்க வேண்டும் என்று இருக்கும். நம் மனைக்கு நடுவில் ஊர்ப் பாதை போவது போல. வாங்குகிறவன் அதைத் தெரிந்து வாங்க வேண்டும். அப்படி ஒரு துண்டு இருந்தது. எடுத்துவிட்டு வேறு எழுதினான்.

மூன்றாவதுதான் என்னைத் தூங்க விடாத வில்லங்கம். செல்போனில் ஓடும் பகுதியை எழுதியது இவன் இல்லை. இன்னொரு சிநேகிதன் மூன்று மாதம் சம்பளம் வாங்காமல் எழுதிக் கொடுத்துவிட்டு ஹைதராபாத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். கிட்டில் அவன் பெயர் நானூறு இடத்துக்கு மேல் வருகிறது. "அவன் ஒண்ணும் கேக்க மாட்டான் மாமா" என்றான் மருமகன். அண்ணன் தம்பிகளும் இப்படித்தான் சொல்வார்கள். தம்பி ஒன்றும் கேட்க மாட்டான், கையெழுத்து வேண்டாம் என்று. இருபது வருடம் கழித்து தம்பி மகன் வருவான்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்றுதான் நம் மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு முன் சித்தூர் மாவட்டம். ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டம் நம் தலைமுறைக்கு மறக்காது. ஊர் இந்தப் பக்கம் வந்துவிட்டது, பத்திரங்களின் மொழி மாறவில்லை. எல்லைப்புறத்து அலுவலகம் ஒன்றில் நான் சேர்ந்தபோது, பழைய வால்யூம்களில் தெலுங்கு நிறைந்திருந்தது. நானோ புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து தெலுங்கு கற்றுக் கொண்டேன். கற்றதோடு நிற்காமல் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். தெலுங்குப் பத்திரத்தில் கிராமத்தின் பெயர் எப்படி வரும், செக்குபந்திச் சொற்களுக்குத் தமிழ் என்ன, பழைய சர்வே எண் புதிதில் எங்கே வரும் என்று. பதினோரு வருடத்தில் மூன்று பெரிய நோட்டுகள். பாதி ஆபீஸ் நேரத்தில், பாதி என் வீட்டுத் திண்ணையில். யாரும் எழுதச் சொல்லவில்லை. ஆனால் அது வந்த பிறகு, இரண்டு நாள் ஆகும் தேடல் அரை மணியில் முடிந்தது.

ஓய்வு பெற்ற அன்று அதை எடுத்துப் போகலாமா என்று கேட்டேன். "அரசாங்க ரிக்கார்டைப் பாத்து, அரசாங்க நேரத்துல எழுதினது. ஆபீஸ் சொத்து சார்" என்றார் அப்போதிருந்த அதிகாரி. வாதாடவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது சட்டத்தைப் படிக்கும்போது தெரிகிறது, அவர் சொன்னது ஏறக்குறைய சரி. அரசுப் பணியில் ஆக்கியதற்கு அரசுதான் முதல் உரிமையாளர் என்று அதே 17ஆம் பிரிவு சொல்கிறது. நான்கு வருடம் கழித்து என் மனைக்கு வில்லங்கச் சான்று வாங்கப் போனேன். அந்த நோட்டின் ஜெராக்ஸ் பிரதி அழகாக பைண்ட் செய்யப்பட்டு மேஜையில் இருந்தது. ஒரு புதுப் பையன் அதைப் பார்த்துத்தான் எனக்குத் தேடிக் கொடுத்தான். என் பெயரும் வருடமும் எழுதியிருந்த முதல் பக்கம் மட்டும் பிரதியில் இல்லை. யாரும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள். ஜெராக்ஸ் எடுக்கும்போது விட்டுப் போயிருக்கும். ஆனாலும் அந்தப் படிகளில் இறங்கும்போது கால் தள்ளாடியது உண்மை.

அதனால் ஹைதராபாத் பையனுக்கு நானே போன் போட்டேன். விடுதலைப் பத்திரம் மாதிரி ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்கு உனக்கு என்ன வேண்டும் தம்பி என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "பணம் குடுக்கணும்னா ஏதாவது குடுங்க சார். ஆனா அந்த ஆப்ல 'எங்களைப் பற்றி'ன்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல என் பேர் இருக்கட்டும்" என்றான்.

சட்டத்தில் 57ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. உரிமையை முழுவதும் விற்றுவிட்டாலும், இதை ஆக்கியவன் நான் என்று சொல்லிக் கொள்ளும் பாத்தியதை ஆக்கியவனை விட்டுப் போவதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் இதை 'துருவா மொரால்' என்பார்கள், தார்மிக உரிமை. அவனுக்கு 40,000 ரூபாய் கொடுத்து, பெயர் நிரந்தரமாக இருக்கும் என்றும் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். இந்தக் காரியத்தில் நான் செய்ததிலேயே எனக்குப் பிடித்தது இதுதான்.

இனி விலைக்கு வருவோம். நிலத்துக்கு வழிகாட்டி மதிப்பு ஒன்று, சந்தை விலை ஒன்று, குத்தகை வருமானத்தை வைத்துப் பார்த்தால் வேறொன்று வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். சாஃப்ட்வேருக்கும் மூன்று வழி சொல்கிறார்கள். ஒன்று, ஆன செலவு. இவன் கணக்குப்படி 1,800 மணி நேரம், மணிக்கு 500 ரூபாய் வைத்தால் 9 லட்சம். இரண்டு, வெளியில் இதே மாதிரி செய்து வாங்கினால் என்ன ஆகும் என்பது. சென்னையில் விசாரித்ததில் 14 லட்சம் என்றார்கள். மூன்று, வருமானம். 22 பேர், மாதம் 600, வருடத்துக்கு 1,58,400. செலவு போக 1,18,400. நான்கு வருடத்துக்குப் பார்த்தாலும் 5 லட்சத்தைத் தொடவில்லை. மருமகன் 14ஐப் பிடித்துக் கொண்டான், நண்பன் 5ஐப் பிடித்துக் கொண்டான்.

இரண்டு பேரும் தவறில்லை. விலை என்பது வாங்குகிறவன் அதை வைத்து என்ன செய்யப் போகிறான் என்பதைப் பொறுத்தது. சியாட்டிலில் டிம் பேட்டர்சன் எழுதிய ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தை அவர் வேலை பார்த்த கம்பெனியிடமிருந்து மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 1981ல் உரிமை முழுவதும் கைக்கு வந்தபோது கொடுத்த மொத்தத் தொகை 75,000 டாலர். அதுதான் எம்.எஸ்.-டாஸ் ஆகி, ஐ.பி.எம். கம்ப்யூட்டர்களில் ஏறி உலகம் சுற்றியது. விற்றவர்களுக்கு அன்று அது நல்ல விலை.

நம் பாரதி விஷயத்தையே பாருங்கள். நான் படித்த அதே புதுச்சேரியில் பத்து வருடம் இருந்து பாடினவர். அவர் போன பிறகு, பாட்டை இசைத்தட்டில் பதியும் உரிமை கைமாறி ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. 1949ல் அரசு பாரதி படைப்புகளின் உரிமையை வாங்கி, பிறகு மக்களுக்கே பொதுவாக்கியது. முதன்முதலில் விற்றபோது யார்தான் சரியான விலை சொல்லியிருக்க முடியும்?

சண்டையில் நாளைக் கடத்துவது அதைவிட நஷ்டம். 1979ல் வந்த விசிகால்க் என்ற புரோகிராம்தான் இன்றைய எக்செல்லுக்கெல்லாம் முப்பாட்டன். எழுதியது ஒரு கம்பெனி, விற்றது வேறு கம்பெனி. 1983ல் இரண்டும் கோர்ட்டுக்குப் போயின. அதே வருடம் லோட்டஸ் 1-2-3 என்ற போட்டிச் சரக்கு வந்து சந்தையைத் தூக்கிக் கொண்டு போனது. 1985ல் எழுதிய கம்பெனியை லோட்டஸே வாங்கிவிட்டது. வரப்புத் தகராறு தீர்வதற்குள் வெள்ளம் நிலத்தையே கொண்டு போன கதை.

இவர்கள் சண்டைக்கு வழி எனக்குப் புதுச்சேரியிலிருந்து கிடைத்தது. என் தாய்மாமன் அங்கே ஒரு நொத்தேரிடம், அதாவது பத்திரம் எழுதிச் சாட்சிப்படுத்தும் அதிகாரியிடம், குமாஸ்தாவாக இருந்தார். பள்ளி விட்டதும் நான் அவரிடம் போய் உட்கார்ந்திருப்பேன். கூட்டு வியாபாரப் பத்திரம் எழுத வருகிறவர்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "நீ கொண்டு வருவது பணமா, பொருளா, உழைப்பா?" பிரெஞ்சுச் சட்டத்தில் பொருளாகக் கொடுப்பது 'அப்போர் ஆன் நத்யூர்', உழைப்பாகக் கொடுப்பது 'அப்போர் ஆன் ஏந்துஸ்த்ரி'. பொருளை மதிப்புப் போட்டு மூலதனத்தில் சேர்ப்பார்கள். உழைப்பு மூலதனத்தில் சேராது. அது இன்னும் நடக்காத ஒன்று. ஆனால் லாபத்தில் பங்கு உண்டு.

மருமகனை உட்கார வைத்துக் கேட்டேன். "நீ 70 சதவீதம் கேக்கறது எழுதி முடிச்சதுக்கா, இனிமே எழுதப் போறதுக்கா?"

யோசித்தான். "ரெண்டுக்கும்தான் மாமா."

"ரெண்டையும் ஒரே மூட்டையில கட்டினதாலதான் விலை ஒத்து வரல. பிரிச்சுக் கட்டு."

அப்படியே பிரித்தோம். பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரிடம் அறிக்கை வாங்கச் சொன்னார் ஆடிட்டர். பணத்துக்குப் பதில் பொருளை வாங்கிக் கொண்டு பங்கு கொடுப்பதானால் கம்பெனிச் சட்டத்தில் அது தேவை. விற்கிறவனே டைரக்டராகவும் இருப்பதால் பங்குதாரர் கூட்டத்தில் தீர்மானமும் வேண்டும். மதிப்பு 9 லட்சம் என்று வந்தது. அதில் 2,40,000 ரூபாயைக் கம்பெனி தவணையில் பணமாகக் கொடுப்பது, மீதி 6,60,000க்குப் பத்து ரூபாய் வீதம் 66,000 பங்கு. நண்பனின் 10 லட்சத்துக்கு 1,00,000 பங்கு. இனிமேல் செய்யப் போகும் வேலைக்கு மருமகனுக்கு 60,000 பங்கு, ஆனால் வருடத்துக்கு 15,000 வீதம் நான்கு வருடத்தில். நம் சட்டம் இதற்கு இடம் கொடுத்து 'ஸ்வெட் ஈக்விட்டி' என்று பெயரும் வைத்திருக்கிறது, வியர்வைக்குப் பங்கு. நடுவில் விட்டுப் போனால் அதுவரை வந்தது மட்டும் அவனுக்கு. வேலைக்கு வரப் போகிறவர்களுக்கு 24,000 பங்கு ஒதுக்கி வைத்தார்கள். எல்லாம் சேர்ந்தால் இரண்டரை லட்சம் பங்கு. அதில் மருமகனுக்கு பாதிக்கு மேல் ஒரு துளி, நண்பனுக்கு நாற்பது சதவீதம்.

சாஃப்ட்வேரைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில்தான் நான் கொஞ்சம் பிடிவாதம் பிடித்தேன். கம்பெனி பிறப்பதற்கு முன் இவன் யாருக்கும் ஊழியன் இல்லையென்றால், அவன் எழுதியது தானாகக் கம்பெனிக்குப் போகாது. எழுத்தில், கையெழுத்தோடு மாற்றிக் கொடுக்க வேண்டும். கேரளத்தில் டாம்ஸ் என்ற கார்ட்டூனிஸ்ட் வழக்கு ஒன்று உண்டு. 'போபனும் மோளியும்' பாத்திரங்களை அவர் மலையாள மனோரமாவில் சேர்வதற்கு முன்பே படைத்தவர். பல வருடம் அங்கேயே வரைந்து ஓய்வு பெற்ற பிறகு, அந்தப் பிள்ளைகள் யாருடையவர்கள் என்று தகராறு வந்தது. அவர் இனி வரைவதைத் தடுக்க முடியாது என்றது கேரள உயர் நீதிமன்றம். முன்பே பிறந்தது, மாற்றி எழுதாதவரை பெற்றவனோடுதான் இருக்கும்.

அந்த மாதிரிப் படிவத்தில் காலமும் இடமும் குறிப்பிடவே இல்லை. 19ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், காலம் எழுதாவிட்டால் ஐந்து வருடம்தான், இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். நாளைக்குக் கம்பெனி வளர்ந்து, முதலீடு செய்ய வருகிறவன் முதலில் இதைத்தான் பிரித்துப் பார்ப்பான். அதோடு, வாங்கினவன் ஒரு வருடத்துக்குள் உபயோகிக்காவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, உரிமை காலாவதி ஆகிவிடும். காலம் முழுவதும், உலகம் முழுவதும் என்று எழுதினோம். கூடவே, கம்பெனி மூடினாலோ இரண்டு வருடம் உபயோகிக்காமல் போட்டாலோ உரிமை எழுதினவனுக்கே திரும்ப வேண்டும் என்றும் சேர்த்தோம். மருமகனுக்கு உள்ளூர இருந்த பயம் அதுதான். "என்னை வெளிய தள்ளிட்டு அதை மட்டும் வெச்சுக்கிட்டாங்கன்னா?" என்று ஒரு ராத்திரி கேட்டான். இந்த ஒரு பத்தியைப் படித்துக் காட்டிய பிறகு நிம்மதியாகத் தூங்கினான் என்று தங்கை சொன்னாள்.

சொத்து விவரத்தை நானே எழுதினேன். பழக்க தோஷம், நான்கெல்லையும் சொல்லாமல் எனக்குப் பேனா ஓடாது. எந்தத் தேதி வரை எழுதிய கோட், எத்தனை ஃபைல், கம்ப்யூட்டரில் ஓடும் பகுதி, செல்போன் பகுதி, பெயர், முத்திரை, வெப்சைட் முகவரி, எதெல்லாம் இதில் சேராது. நண்பன் படித்துவிட்டு, "அங்கிள், இது நிலப் பத்திரம் மாதிரியே இருக்கு" என்றான். பாராட்டாகவே எடுத்துக் கொண்டேன்.

கையெழுத்து நாளன்று மூன்று பேரும் மலைக்குப் போய்விட்டு வந்தார்கள். எனக்கு 365 படி இப்போது ஏறாது. கீழேயே திருக்குளத்துப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். சரவணப் பொய்கையில் ஒரு குடும்பம் மொட்டை போட்டுக் குளித்துக் கொண்டிருந்தது. தெலுங்கும் தமிழும் கலந்த பேச்சு. என் நோட்டுப் புத்தகம் ஞாபகம் வந்தது. அன்றைக்கே ஒரு தாளில், இது இன்னார் எழுதியது, அலுவலக உபயோகத்துக்கு மனமுவந்து கொடுக்கிறேன் என்று எழுதி அதிகாரியிடம் ஒரு கையெழுத்து வாங்கியிருந்தால் எனக்கும் மனக்குறை இருந்திருக்காது. முப்பத்து நான்கு வருடம் ஊராருக்கெல்லாம் எழுத்தில் வாங்குங்கள் என்று சொன்னவன், தனக்கு என்று வரும்போது கேட்கத் தோன்றவில்லை.

தைக்குள் கம்பெனி இரண்டு தவணை கொடுத்துவிட்டது. தங்கை முதலில் சங்கிலியை மீட்டாள். அதைப் போட்டுக் கொண்டு பொங்கலுக்கு வந்தாள். மருமகன் செல்போனை எடுத்து 'எங்களைப் பற்றி' பக்கத்தைக் காட்டினான். அவன் பெயர், ஹைதராபாத் பையன் பெயர், நண்பன் பெயர். கீழே ஒரு வரி: பத்திர உதவி, மாமா.

"இதெல்லாம் எதுக்குடா" என்றேன். எடுக்கச் சொல்லவில்லை.